களையும் பயிரும்



மத்தேயு 13ஆம் அதிகாரத்து உவமையை இப்போது கேட்டோம். நல்ல விதை விதைத்த வயலில், ஆட்கள் தூங்கும் நேரம் பார்த்துப் பகைவன் களை விதைத்துவிட்டுப் போகிறான். பிடுங்கிவிடத் துடிக்கிறார்கள் பணியாளர்கள். வேண்டாம், பயிரும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார் வயலுக்கு உரியவர். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் களையெடுத்த தாய்மார்களுக்கு இது புரியும்: இளசில் நெல்லும் புல்லும் ஒரே பச்சை.

அக்கரை இலங்கையில் இந்த உவமை கண்ணெதிரே நடந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பு ஓட்டல்கள் எங்கும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்திய உளவுத்துறை முன்னதாகவே எச்சரித்திருந்தது. குண்டுவைத்தவர்களின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்பே முறையிட்டிருந்தார்கள். காவல் காக்க வேண்டியவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். அந்த அசட்டைக்காக 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

தூக்கம் முதல் பாவம். இரண்டாவது பாவம் அதே 2019 மே மாதம் நடந்தது. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் மன்றாடியிருந்தும், வடமேல் மாகாணத்தில் ஒன்றுமறியாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. களை இருக்கிறதென்று முதலில் சொன்ன பயிரையே பிடுங்கினார்கள்.

நம் கரைக்கு வருவோம். 2008இல் மும்பையைத் தாக்கக் கொலையாளிகள் மீன்பிடிப் படகொன்றைக் கடத்தித்தான் வந்தார்கள். அதனால்தான் 'சாகர் கவச்' என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் மாறுவேடப் போலீசார் கடல்வழியே ஊடுருவிப் பார்க்கிறார்கள். கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளே, பழக்கமில்லாத படகு தென்பட்டால் கடலோரக் காவல் எண் 1093க்குச் சொல்லுங்கள். அதைக் கோள் சொல்வதாக நினைக்காதீர்கள்; ஊரைக் காக்கும் ஊழியம் அது.

கரையில் எப்படி விழித்திருப்பது? கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே அலைச்சத்தம் கேட்டு நிற்கின்றன. தொப்பியையும் தாடியையும் பார்த்துச் சந்தேகப்படுகிறவருக்குக் களையும் தெரியாது, பயிரும் தெரியாது. வாசல் மிதித்துப் பழகியவருக்குத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை முகம் மாறுவது தெரியும். அவன்மேல் வீண்பழி விழுந்தால் சாட்சி சொல்லவும் அவர்தான் வருவார். நம் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியிலும் இரவில் யாரோ வெறுப்பை விதைத்துக்கொண்டிருக்கலாம்; அதைப் பார்த்துச் சொல்லவும் நமக்கொரு பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும்.

நீங்கள் போய் நாளான வாசல் ஒன்று உங்கள் தெருவில் இருக்கும். இந்த வாரம் அங்கே போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். ஆமென்.