1911: சப்பாத்தில்லாத வெற்றி

அறுவடை முடிந்த மண்டூர் வயலில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு 1911ஆம் ஆண்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. ஒருபக்கம் பிரித்தானிய இராணுவத்தின் கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவின் வீரர்கள். மறுபக்கம் இந்தியர்களின் அணியான மோகன் பாகான். அந்த அணியில் சப்பாத்து அணிந்தவர் ஒரே ஒருவர், சுதிர் சட்டர்ஜி. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். முதல் கோல் வெள்ளையர்களுடையது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார்; அபிலாஷ் கோஷ் அடுத்ததை அடித்தார். இரண்டுக்கு ஒன்று! உதைபந்தாட்டத்தில் ஆள்பவனை ஆளப்படுபவன் வென்ற செய்தி ஊர் ஊராகப் பரவியது.

அதே கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணியொன்று இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. தலைவர் பட்டியாலா மகாராஜா. பெரும்பாலான ஆட்டங்களில் தோல்விதான். ஆனால் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பல்வாங்கர் பாலு அந்தப் பயணத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தார்.

பாலு தலித். புனேயில் அவர் பந்துவீச்சால் வெள்ளையர்களை வென்ற அதே இந்து அணியினர், தேநீரை மட்டும் கூடாரத்துக்கு வெளியே, தனி மண்கோப்பையில் கொடுத்தார்கள். வெள்ளையனை வெல்வது எளிதாக இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதுதான் கடினம்!

இந்து அணியின் தலைமை பாலுவுக்கு முறையாகக் கிடைக்கவேயில்லை. 1923இல் அது அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.