அடுத்த ஆள் வரும்வரை

2011 டிசம்பர் 30 காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று. பண்ருட்டிப் பக்கம் தலைமுறைகளாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெய்வேலி நகரியத்தில், வெயில் காலமெல்லாம் நிழல் தந்த மரங்களே சாலைகளை அடைத்துக்கொண்டு கிடந்தன. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஷிஃப்ட் ஆட்கள் மாறுகிற வேளையை ஒட்டி இத்தனையும் நடந்தது. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர் வீடு திரும்ப வேண்டும். அவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

இப்படி ஒரு நாளில் வேலைக்குப் போகத்தான் வேண்டுமா? பனி கொட்டுகிற தேசங்களில் குளிர்காலம் தவறாமல் எழும் கேள்வி இது. நம்மிடம் வடகிழக்குப் பருவமழையும் வங்காள விரிகுடாவும் இதைக் கேட்கின்றன. நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

ஏனென்றால் அது நிறுத்த முடியாத ஊர். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் அதை அமுக்கி வைக்கப் பாரம் இருக்காது. சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதற்காகவே ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார்கள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டிருக்கின்றன. 1961இல் முதல் சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்ட காலத்திலிருந்து இதுதான் நிலைமை. வெட்டி எடுத்ததை மாதக்கணக்கில் குவித்து வைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். காயக் காயத் தானாகவே தீப்பற்றும். அதனால் பக்கெட் வீல் இயந்திரம் வெட்டுவதும், கன்வேயர் சுமந்து வருவதும், கொதிகலன் எரிப்பதும் ஒரே ஓட்டமாக நடந்தாக வேண்டும். அப்படிக் கிடைக்கும் மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வரை போகிறது.

என் அப்பா அந்த நீர் இறைக்கும் வேலையில்தான் இருந்தார். மழை பேயாய்க் கொட்டும் இரவில் அவர் ரெயின்கோட் மாட்டுவதைப் பார்த்து அம்மா, "இந்த மழையிலயும் போகணுமா?" என்று கேட்பார். அப்பா எத்தனை ஊருக்கு வெளிச்சம் போகிறது என்று கணக்குச் சொன்னதில்லை. கடமை என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "அங்க ஒருத்தர் உக்காந்திருக்கார்ல" என்பார். அவ்வளவுதான். அம்மாவும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்.

ஷிஃப்ட் வேலையின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக நினைக்கிறேன். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் நேரம் முடிந்தது என்று எழுந்து வந்துவிட முடியாது. ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வர வேண்டும். எந்த மோட்டார் ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது என்று சொல்ல வேண்டும். லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவர் அந்த இருக்கைக்குக் கட்டுப்பட்டவர். புயலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நிறுவனத்துக்காகவோ நாட்டுக்காகவோ போகிறார் என்று மேடையில் பேசலாம். உண்மையில் எட்டு மணி நேரமாகத் தூங்காத, பெயர் தெரிந்த, நேற்று தன்னோடு டீ குடித்த ஒரு மனிதருக்காகத்தான் போகிறார். இதைவிட உறுதியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உறுதியான காரணம் என்பதாலேயே இதை மற்றவர்கள் எளிதாகப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். மனசாட்சி உள்ளவர் எப்படியாவது வந்து சேர்வார் என்று தெரிந்துவிட்டால், அவரை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1978 பிப்ரவரியில் வரலாறு காணாத பனி கொட்டியபோது, சாலையில் பொதுமக்கள் வண்டி ஓட்டவே ஆளுநர் தடை போட்டார். கனடாவின் டொரான்டோவில் 1999 ஜனவரியில் பனி குவிந்தபோது மேயர் ராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். அந்த நடவடிக்கைகளைப் பற்றி எத்தனை விவாதம் இருந்தாலும் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது: யார் வெளியே வரலாம் என்று முடிவெடுக்கும் சுமையைத் தனித்தனி மனிதர்களின் தலையில் போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

இங்கும் நிலைமை மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது தமிழக அரசு பொது விடுமுறை அறிவித்தது. கடலூர் உட்பட ஏழு மாவட்டங்களில் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. நல்ல முடிவு, பல உயிர்கள் அதனால் தப்பியிருக்கும். ஆனால் அத்தகைய அறிவிப்புகளில் எல்லாம் 'அத்தியாவசியப் பணியாளர்கள் நீங்கலாக' என்று ஒரு வரி வரும். பேருந்து நின்றுபோன ஊரில் அவர்கள் எப்படி வருவார்கள்? அதற்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தூரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. நகரியத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு மழை நாளிலும் தார்ச்சாலை உண்டு, தூரமும் குறைவு. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஓடை, தரைப்பாலம் எல்லாம் தாண்டி டூவீலரில் வருகிறவர்கள். 2015 நவம்பர் 10ஆம் தேதி நெய்வேலியில் பதிவான மழை 48 சென்டிமீட்டர். அந்த மழையில்தான் பண்ருட்டி வட்டாரத்துப் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் மனிதர்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஓடைக்கரையிலிருந்து ஒருவர் வேலைக்குக் கிளம்புவதையும், நகரியத்து பிளாக்கிலிருந்து இன்னொருவர் கிளம்புவதையும் ஒரே வருகைப் பதிவேட்டில் ஒரே கோடாகப் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. அதோடு, மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை ஓய்வு. தினக்கூலிக்காரருக்கு அன்றைய சோறு போச்சு. 'வர வேண்டாம்' என்று அன்போடு சொன்னாலும் அவர் வரத்தான் செய்வார்.

சட்டம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்து, அதன் நேரத்துக்கும் இடத்துக்கும் சூழ்நிலைக்கும் வேலையோடு தொடர்பு இருப்பது நிறுவப்பட்டால், அதையும் வேலையில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. வழியும் வேலையின் பகுதிதான் என்று ஒப்புக்கொள்ளும் இந்த எண்ணம் எனக்கு மிகவும் முக்கியம். விபத்து நடந்தபின் மட்டும் ஏன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்? புயல் சொல்லாமல் வருவதில்லை. வானிலை மையம் நாட்கணக்கில் முன்பே எச்சரிக்கிறது. கட்டாயம் தேவைப்படுகிறவர்களை முந்தின நாளே வண்டி வைத்து அழைத்துவந்து, படுக்க இடமும் சூடான சாப்பாடும் கொடுத்து இரண்டு ஷிஃப்ட் ஆட்களை உள்ளேயே தங்கவைக்கலாம். கொரோனா காலத்தில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மருத்துவமனைக்கு அருகே விடுதிகளில் தங்கவைத்தோம். மனது வைத்தால் முடிகிறது. வர முடியாமல் போன தினக்கூலிக்காரருக்கு அந்த ஒரு நாள் கூலியைக் கொடுப்பதால் எந்த நிறுவனமும் நொடித்துவிடாது.

தனி மனிதனாக நான் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும். நான் என் வேலையில் அப்பாவின் வாக்கியத்தையே அளவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் போகாவிட்டால் அங்கே யாராவது எழ முடியாமல் உட்கார்ந்திருப்பாரா? அப்படியானால் பத்திரமான வழி இருக்கும்வரை போக வேண்டும். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கும் என்றால், அந்த நாற்காலிக்காக இடுப்பளவு வெள்ளத்தில் இறங்க வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் புயல் நாளில் கிளம்புவது காலி நாற்காலிக்காகத்தான். மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயத்தில்தான்.

இதில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பா காலத்தில் வீட்டில் ஃபோன் இல்லை. அடுத்த ஆள் கிளம்பினாரா, வழியில் மாட்டிக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இன்று எல்லார் சட்டைப் பையிலும் ஃபோன் இருக்கிறது. "ஓடை நிரம்பிப் போகுதாமே, நீங்க வராதீங்க, நான் இன்னொரு ஷிஃப்ட் பாத்துக்கறேன்" என்று உள்ளே இருப்பவரால் சொல்ல முடியும். சட்டப்படி அந்தக் கூடுதல் நேரத்துக்கு அவருக்கு இரட்டிப்புக் கூலி உண்டு. வடலூர்ப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ தண்ணீர் வடிந்த பிறகு, அடுத்தவர் முதல் வேலையாகக் கிளம்பி வந்து அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பட்டும்.