மேசை மேல் ஒரு நெல்வயல்

சாமுராய் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் மேசைக்கு முதலில் வாங்குவது பெரும்பாலும் சிவப்பு டோரி வாயில். அடுத்தது பூத்துக் குலுங்கும் செர்ரி மரம், வளைந்த மரப்பாலம். பார்த்ததும் ஜப்பான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். செகிகஹாரா போர் நடந்தது 1600 அக்டோபரில். அந்த மாதத்தில் செர்ரி பூக்காது. இருக்கட்டும், அந்த மரம் எனக்கும் பிடிக்கும். என் கேள்வி வேறு: இந்த அழகுக்கு இடம் விட்டு மேசையை விட்டு இறங்கிப்போனவர்கள் யார்?

கடையில் கிடைக்கும் கோட்டைக்குள் ஒன்றும் இருக்காது. சுவர், கூரை, அம்பு எய்யும் துளைகள். அதே 1600இல், செகிகஹாராவுக்கு அருகிலுள்ள ஒகாக்கி கோட்டை முற்றுகைக்குள் சிக்கியிருந்த பெண் ஓஆன். முதுமையில் அவள் சொன்னவை எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கோட்டைக்குள் பெண்கள் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். தங்கள் வீரர்கள் வெட்டிக்கொண்டு வந்த தலைகளுக்கு அடையாளச் சீட்டு கட்டினார்கள். பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். கறுத்த பல் உயர்குடியின் அடையாளம், அப்படிப்பட்ட தலைக்கு மதிப்பு அதிகம். அந்த ரத்தவாடைக்கு நடுவிலேயே தூங்கினார்கள். வீரனின் புகழுக்கு மெருகேற்றியதும் வீட்டுவேலைதான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாட்சியம் எனக்குத் தெரியாது. தப்பி ஓடும் வழியில் அவளுடைய தாய்க்குப் பிரசவமாயிற்று. குழந்தையை வயல் தண்ணீரில் கழுவினார்கள்.

அந்த வயல் நம் ஆட்ட விதிகளில் 'கடினமான தரை'. அதில் இறங்கினால் படை பாதி தூரம்தான் நகரும், வேறு பொருள் கிடையாது. ஆனால் அந்தக் காலப் படைகள் எதிரியின் விளைந்த நெல்லை அறுத்து நாசம் செய்வதைப் போர்முறையாகவே வைத்திருந்தன. வயலை இழந்தவர்கள் வாளெடுத்தவர்கள் அல்ல.

அப்படியானால் ஓடும் பெண்களின் பொம்மைகளையும் வைத்துவிடலாமே என்றாள் என்னோடு ஆடும் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. 1615 ஒசாகா முற்றுகையைக் காட்டும் புகழ்பெற்ற மடிப்புத்திரை ஓவியத்தின் இடது பாதி முழுக்க அகதிகள். சிப்பாய்கள் பெண்களைப் பிடித்து இழுக்கிறார்கள். அதை வரையச் செய்தவர் வென்ற தரப்புத் தளபதி குரோடா நாகமசா என்பார்கள். அவர்களுடைய துயரமும் வெற்றியாளரின் அறையை அலங்கரித்ததா, அல்லது அவரைக் கொஞ்சமாவது உறுத்தியதா? என் மேசையில் ஐந்து பொம்மைகளாக நின்றால் அது நிச்சயம் அலங்காரம்தான். வாளேந்திய தொமோயே கோசென்னை நிறுத்திவிட்டுப் பெண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று நிறைவடைவதும் எனக்குப் போதவில்லை.

ஆகவே பாலத்துக்கான காசில் வயல் செய்தேன். தென்னைநார் மிதியடியைச் சதுரமாக வெட்டிச் சாயம் பூசினால் அசல் நெற்பயிர் போலவே நிற்கும். விதியும் ஒன்று சேர்த்தோம்: எந்தப் படை வயலை மிதித்தாலும் இரு தரப்புக்கும் ஒரு புள்ளி குறையும். பசிக்குப் புள்ளி போடுவதா என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் போன ஞாயிறு அவளுடைய குதிரைப்படை வரப்போரம் வந்து நின்றது. நேரே போனால் வெற்றி. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, அவள் வயலுக்குள்தான் இறக்கினாள்.