குடி விடுகிற நேர்ச்சையும் மூளையின் பிரமாணமும்



தபசு காலம் துவங்கியதும் நம் குடும்பங்களில் சிலர் ஒறுத்தலாகக் காப்பியை விட்டுவிடுகிறார்கள். நல்ல காரியமே. விபூதிப் புதனன்று காலையில் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலமோ மறுநாளோ தலை கனத்து, நெற்றிப்பொட்டு தெறித்து, பிள்ளைகள்மேல் எரிந்து விழத் தோன்றுகிறது. சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், அது தானே அடங்கிவிடும். இது பசாசின் சோதனையா? அல்ல. சர்வேசுரன் மனுஷ மூளைக்கு வைத்திருக்கிற ஒரு பிரமாணம் அங்கே வேலை செய்கிறது.

அது என்ன பிரமாணம்? உழைக்கிற மூளையில் அடினோசின் என்னும் வஸ்து நாள் முழுதும் சேர்ந்து, "போதும், இளைப்பாறு" என்று சொல்லுகிறது. காப்பியிலுள்ள கஃபீன், அந்த வஸ்து உட்கார வேண்டிய ஆசனத்தில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளுகிறது; ஆகையால் அலுப்புத் தெரிவதில்லை. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமோ? இன்னும் சில ஆசனங்களைப் போட்டுக்கொள்ளுகிறது. காப்பி திடீரென்று நின்ற அன்று அத்தனை ஆசனங்களிலும் அடினோசின் ஏறிக்கொள்ள, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து தலை வலிக்கிறது. நாம் தினமும் எதைக் கொடுக்கிறோமோ அதற்கு ஈடாக மூளை தன்னை மாற்றிக்கொள்ளும். இதுவே அந்தப் பிரமாணம்.

காப்பியில் இது வெறும் தலைவலி. குடியிலோ உயிரைத் தொடுகிற காரியம். இதை இன்று நான் எழுதுகிறதற்குக் காரணம், இந்நாட்களில்தான் நம்மவர்கள் பலர் குடியை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்ளுகிறார்கள்.

மூளையில் எழுப்பிவிடுகிற சக்தியும் உண்டு, அடக்கிவைக்கிற சக்தியும் உண்டு. மது அடக்குகிற சக்தியைப் பலப்படுத்தி, எழுப்புகிற சக்தியை அமுக்குகிறது. வருஷக்கணக்காய் நாள்தோறும் குடிக்கிறவனுடைய மூளை, அந்த அமுக்கத்துக்கு எதிராக ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் குடியை நிறுத்தினால் அமுக்கிய கை போய்விடும். தள்ளுகிற கை மட்டும் நிற்கும். ஆகையால் சில மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, குமட்டல் உண்டாகும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் வேறு சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும், யாரோ கொல்ல வருவதாகவும் தோன்றும், ஜுரம் ஏறும், நாடி ஓடும். வைத்தியமில்லாமல் விட்டால் மரணமும் நேரிடலாம். குடிக்கிறவர் எல்லாருக்கும் இப்படி நேராது. நெடுங்காலமாய் மிகுதியாய்க் குடிப்பவர்களுக்கும், காலையில் எழுந்தவுடன் கைநடுக்கம் தீரக் குடிப்பவர்களுக்கும், முன்னே ஒருதரம் வலிப்பு வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அந்த மூன்றாம் நாளில் வீட்டார் என்ன நினைக்கிறார்கள்? "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கிறவனைத் தேடுகிறார்கள். அல்லது "நேர்ச்சையில் குறை வந்தது, ஆண்டவர் தண்டிக்கிறார்" என்று நடுங்குகிறார்கள். வேறு சிலர், பார்க்கச் சகியாமல் மறுபடியும் ஒரு குவார்ட்டரை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். பிரியமானவர்களே, இது பேயுமல்ல, தண்டனையுமல்ல, மருந்துள்ள வியாதி. மூளையை மெதுவாய் அமர்த்துகிற மாத்திரைகளை வைத்தியர் அளவாய்க் கொடுத்து, சில நாளில் அளவாய்க் குறைப்பார். குடியினால் சரீரத்தில் பி1 வைட்டமின் வற்றிப்போய் நடை தள்ளாடி, ஞாபகமே அழிந்துபோகக் கூடுமாகையால், அதையும் ஊசியாய்ப் போடுவார்.

"நேர்ந்துகொண்டேன், ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஆஸ்பத்திரி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தபசு காலத்து முதல் ஞாயிற்றின் சுவிசேஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று பசாசு சொன்னபோது சேசுநாதர் சுவாமி குதித்தாரோ? சர்வேசுரனைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். இறங்குவதற்குப் படி இருக்கும்போது குதிக்கிறவன் விசுவாசியல்ல. வைத்தியம் எட்டுகிற தூரத்தில் இருக்க அதைத் தள்ளுவதும் அப்படியே. இந்தியாவிலேயே முதன்முதல் மூளை அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு பிரிவு, 1949-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் துவக்கப்பட்டது. அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தேசத்தின் பல திசைகளிலிருந்தும் ஜனங்கள் வேலூரைத் தேடி வருகிறார்கள். வாசலில் இருக்கிற நாம் வெட்கத்தினால் போகாமலிருப்பது நியாயமா?

வெட்கம் எதற்கு? சாவான பாவத்துக்குப் பூரண அறிவும் பூரண சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். நெடுநாளைய குடியில் கட்டுண்டவனுடைய சம்மதம் பாதி கட்டப்பட்ட சம்மதம். அதனால் அவனுக்குக் கடமை இல்லையென்று சொல்லவில்லை. கட்டை அவிழ்க்கிற வழியைத் தேடுவதே அவனுடைய முதற்கடமை. ஆகவே வைத்தியரிடம் போவது நேர்ச்சைக்குக் குறைவல்ல, நேர்ச்சையின் முதற்படி.

வைத்தியம் முடிந்து வீடு திரும்பினபிறகு இரண்டாம் போராட்டம் உண்டு. மூளை வஸ்துவை மட்டுமல்ல, அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுகிறது. சம்பள நாள், ஷூ கம்பெனி விடுகிற நேரம், மதுக்கடைக்குத் திரும்புகிற முனை, கூடப் போகும் கூட்டாளியின் குரல் ஆகிய இவைகளில் ஒன்று போதும், மாதங்கள் கழிந்தாலும் பழைய தாகம் மூண்டெழ. ஆகையால் மனதை மட்டும் அல்ல, வழியையும் மாற்ற வேண்டும். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட், பன்னிரண்டு வயதில் மதுவியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்குள் விழுந்தவர். 1884-ல், 28-ம் வயதில், முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் குடியை விடுவதாக வார்த்தைப்பாடு கொடுத்தார். பிறகு ஆறு மாதம். பிறகு ஆயுள் முழுதும். இன்றைய வைத்தியம் அக்காலத்தில் இல்லை. அவர் பட்ட பாடு பெரிது. குடித்த நேரத்தைக் கோவிலுக்குக் கொடுத்தார். கையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடந்தார். 1925-ல், பூசைக்குப் போகிற வழியில் மரித்தார். திருச்சபை 1975-ல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

தகப்பன்மாரே, இன்னும் ஒன்று. பிள்ளைகளுடைய மூளை இருபத்தைந்து வயதுமட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இளமையில் துவங்கிய குடி அதிகக் கெட்டியாய்ப் பிடிக்கும். "சோடா வாங்கி வா, ஊறுகாய் வாங்கி வா" என்று மகனை அனுப்புகிறீர்களே, அவன் காலுக்கு மட்டுமா பாதை பழக்குகிறீர்கள்?

ஆகையால், குடியை விட நேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் முந்தி வைத்தியரைக் காணுங்கள். கூட வர ஆளில்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள்; நான் வருகிறேன். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் வீட்டில் வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால், விடியட்டுமென்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தாய்மாரே, நடுங்குகிற கையைத் திட்டாதேயுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள். திரும்பி வந்தவனைப் பழைய பேர் சொல்லி யாரும் அழைக்காதேயுங்கள்.

குடியிலிருந்து எழும்புகிற ஒவ்வொருவனுக்கும் தேவமாதா துணைநிற்பாளாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்,
கணியம்பாடி