பதிமூன்றாம் சேனல்

என் மகள் டெக்சாஸிலிருந்து வந்தபோது வாங்கிக்கொண்டு வந்த லேப்டாப், எங்கள் வீட்டு வைஃபையைக் கண்டுகொள்ளவே இல்லை. பாஸ்வேர்டு தவறு என்றோ இணைப்பு விட்டுப்போகிறது என்றோ சொல்லியிருந்தால் அது வேறு சங்கதி. பட்டியலில் பெயரே வரவில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம் திரும்பும் சந்து எங்களுடையது. ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வீடுகள். அவற்றின் வைஃபைப் பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன. மாடி வீட்டுக்காரர் வைத்திருக்கும் ‘மா தாரா’ வந்தது. எதிர்வீட்டுப் பையன் தன் ஃபுட்பால் கிளப்பின் பெயரை வைத்திருக்கிறான், அதுவும் வந்தது. கூடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் எங்கள் ராவுட்டர் மட்டும் அதன் கணக்கில் இல்லை.

நான் இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா கும்பகோணத்திலிருந்து ஏஜி பெங்கால் ஆபீசுக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. ஒன்று தென்படவில்லை என்பதிலிருந்து அது இல்லை என்று எப்போது சொல்லலாம்? வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். அந்தப் பாடம் இப்படி விளக்கு வைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை.

சாந்தினி சௌக்கில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன் வந்தான். முதலில் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். லேப்டாப் உடனே பிடித்துக்கொண்டது. ஆகவே லேப்டாப்பின் வைஃபை செத்துப்போகவில்லை. அடுத்து என் போனை வாங்கிப் பார்த்தான். அதில் எங்கள் வீட்டுப் பெயர் முழுக் கோடுகளோடு இருந்தது. ஆகவே ராவுட்டரும் செத்துப்போகவில்லை. பிறகு தன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினான். சுற்றியிருக்கும் ஒவ்வொரு வைஃபையும் எந்தச் சேனலில் ஓடுகிறது என்பது அதில் குன்று குன்றாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் 1, 6, 11 என்று குவிந்து கிடந்தார்கள். வலது ஓரத்தில் ஒற்றைக் குன்று ஒன்று தனியாக நின்றது.

“மாஷிமா, உங்க ராவுட்டர் பதிமூணுல நிக்குது. இந்த மெஷின் பதினொண்ணுக்கு மேல காதே குடுக்காது” என்றான்.

விவரம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் வரை பயன்படுத்தலாம். இந்தப் பட்டைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-இல் விதி வந்தது. அமெரிக்காவில் பட்டையின் மேல் ஓரத்துக்கு அப்பால் அலை கசியக்கூடாது என்ற கட்டுப்பாடு கடுமையானது. அதனால் அங்கே விற்கும் கருவிகள் வழக்கமாக 11-ஓடு நின்றுவிடுகின்றன. அந்த லேப்டாப்பில் இருந்த கார்டு அதற்கு மேலே தேடக்கூட இல்லை. எங்கள் ராவுட்டரோ ‘ஆட்டோ’வில் இருந்தது, கூட்டமில்லாத இடம் தேடி அதுவாகவே 2472 மெகாஹெர்ட்ஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. பையன் ராவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு 6 என்று வைத்தான். ராவுட்டர் அணைந்து எழுந்ததும் பெயர் பட்டியலில் வந்தது.

மீமாம்சகரான குமாரில பட்டர் ‘சுலோகவார்த்திக’த்தில் இன்மையை அறிவது பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். தரையைப் பார்க்கிறேன், குடம் இல்லை என்று அறிகிறேன். எப்படி அறிந்தேன்? குடம் தென்படாததால். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளிச்சம் வேண்டும், கண் பழுதில்லாமல் இருக்க வேண்டும், குடம் பார்வைக்கு எட்டும் பொருளாக இருக்க வேண்டும். இருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடிந்தால்தான், தெரியவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லலாம். இருட்டில் துழாவாமல் நின்றுகொண்டு குடமில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. காணத் தகுந்ததைக் காணாமலிருப்பதுதான் சாட்சியம். வெறும் காணாமை எதற்கும் சாட்சியமாகாது.

இந்த நிபந்தனையைக் கடவுள் விவாதத்துக்குள் கொண்டுபோனவர் மிதிலையின் உதயனர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அவருடைய ‘நியாயகுசுமாஞ்சலி’யை ஆங்கிலத்தோடு இதே கல்கத்தாவில் 1864-இல் வெளியிட்டார் கோவெல் துரை, கல்லூரித் தெருவின் சமஸ்கிருதக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். மகேச சந்திர நியாயரத்னர் அவருக்குத் துணை நின்றார். நூலின் மூன்றாம் பகுதியில், கண்ணால் கண்டதையே நம்பும் சார்வாகன் கேட்கிறான்: கடவுள் தென்படவில்லையே, பின்னே இல்லை என்பதுதானே நியாயம்? உதயனரின் பதிலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தென்படாததெல்லாம் இல்லை என்றால், வீட்டைவிட்டு வெளியே வந்த சார்வாகன் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டாமா?

இதோடு நிறுத்திவிட்டால் ஆஸ்திகர்களுக்குச் சௌகரியம். நிறையப் பேர் நிறுத்தியும்விடுகிறார்கள். உபன்யாசத்தில் கேட்கிறேன், வாட்ஸ்அப்பில் வருகிறது: வைஃபை கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டாலும் இருக்கிறதல்லவா? பகவானும் அப்படித்தான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் தினமும் விளக்கேற்றுகிறவள், பக்தியை இவ்வளவு மலிவாக விற்பதைச் சகிக்க முடியவில்லை. உனக்குத் தகுதி இல்லை, அதனால்தான் தெரியவில்லை என்பது எந்தப் பொய்யையும் காப்பாற்றிவிடும். செத்தவர்கள் பேசும் பதினான்காம் சேனல் என் வீட்டில் ஓடுகிறது, உங்கள் போனுக்குத்தான் எட்டவில்லை என்று நான் சொன்னால் யார் மறுப்பது? உதயனருக்கு இது நன்றாகத் தெரியும். காணாமையால் கடவுளை மறுக்க முடியாது என்று காட்டியதோடு அவர் நூலை முடிக்கவில்லை. கடவுள் உண்டு என்பதற்குத் தனியாகச் சான்றுகள் வேண்டும் என்று ஐந்தாம் பகுதியை அதற்கே எழுதினார். அந்தச் சான்றுகள் நிற்குமா விழுமா என்பது வேறு. கடன் தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட நேர்மை எனக்குப் பெரிது.

தென்படாததை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஜகதீச சந்திர போஸ், 1895-இல் டவுன் ஹாலில் லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில் தன் கருவியை இயக்கினார். அலைகள் கவர்னரின் உடம்பையும் சுவர்களையும் கடந்து போய், அப்பாலிருந்த அறையில் மணியை அடித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்று அதைப் பற்றி வங்காளத்தில் எழுதினார். அவர் ஆராய்ந்த அலைகளில் 5 மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் உண்டு. என் ராவுட்டர் அனுப்புவது சுமார் 12 சென்டிமீட்டர். போஸ் யாரிடமும் நம்பிக்கை கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டாததைப் பிடிக்கத் தகுதியுள்ள கருவி எது, அதை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்தார். வேறொருவர் செய்து பார்க்கலாம். தகுதி இல்லை என்று சொல்கிறவர் தகுதி எது என்றும் சொல்லியாக வேண்டும்.

லேப்டாப் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது என் போன். அது இல்லாவிட்டால் ராவுட்டர் பழுது என்றுதான் முடிவு கட்டியிருப்போம். மீமாம்சகர்கள் அருத்தாபத்திக்குச் சொல்லும் உதாரணமும் இதே அமைப்புதான்: தேவதத்தன் உயிரோடிருக்கிறான், வீட்டில் இல்லை, ஆகவே வெளியே போயிருக்கிறான். மொத்த பாரத்தையும் தாங்குவது ‘உயிரோடிருக்கிறான்’ என்ற முதல் வாக்கியம். அது வீட்டுக்குள் பார்த்துத் தெரிவதில்லை. வேறெங்கிருந்தோ தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் காலமான புதிதில் காலையில் எழுந்ததும் மனம் தானாக இந்தக் கணக்கைப் போடும். கட்டிலில் இல்லை, ஈஸிசேரில் இல்லை, ஆகவே லேக்கில் நடக்கப் போயிருக்கிறார். கணக்கில் பிழையே இல்லை. முதல் வாக்கியம் மட்டும் போய்விட்டிருந்தது.

அந்த முதல் வாக்கியத்தைக் கடவுள் விஷயத்தில் யார் தருவது? சாட்சிகள்தான் தர வேண்டும். நாம் அறிந்ததில் பெரும்பகுதி பிறர் சொல்லி அறிந்தது, அல்லது ஊகித்து அறிந்தது. வஞ்சியில் சமயக்கணக்கர்களைக் கேட்டுவரும் மணிமேகலை, கண்ணால் கண்டது மட்டுமே பிரமாணம் என்ற பூதவாதியைப் பார்த்துச் சிரிக்கிறாள். உன் தாய் தந்தையை ஊகத்தாலன்றி எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். சொல் பிரமாணமாக வேண்டுமானால் சொல்கிறவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது நியாய சூத்திரம். ஆப்தர் என்றால் விஷயத்தை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர். ரிஷி, ஆரியர், மிலேச்சர் எல்லாருக்கும் இந்த லட்சணம் பொது என்று வாத்ஸ்யாயனர் உரை சொல்கிறது. குலமோ பட்டமோ அதில் வரவில்லை.

அப்படிப்பட்ட சாட்சி என்றால் எனக்கு தக்ஷிணேஸ்வரம்தான் நினைவுக்கு வருகிறது. கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்த நரேந்திரன், 1881-இல் ராமகிருஷ்ணரிடம் வந்தான். உன்னைப் பார்ப்பதுபோல, இன்னும் தெளிவாகவே பார்க்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார் என்பது எல்லாரும் அறிந்தது. என்னை ஈர்ப்பது அதற்குப் பிறகு நடந்தது. நரேந்திரன் உடனே நம்பிவிடவில்லை. காசைத் தொட முடியாது என்கிறாரே, உண்மைதானா என்று பார்க்க அவர் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாயை ஒளித்துவைத்தான். உட்கார்ந்தவர் துடித்து எழுந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. காசுக்கடைக்காரன் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தன்னைச் சோதித்துப் பார் என்பதே அவர் சொல்லிவந்தது. சோதனைக்கு உடன்படுகிற சாட்சி அவர். எது தகுதி என்றும் சொன்னார், எப்படி அடைவது என்றும் சொன்னார். அந்த வழியில் முழுக்கப் போய்ப் பார்க்காமல் எனக்குத் தென்படவில்லை, ஆகவே இல்லை என்று நான் சொன்னால், அது குமாரிலரின் நிபந்தனையிலேயே தோற்றுவிடும். உண்டு என்று நான் சொல்வதானாலும் அவர் சொல்லை வைத்துச் சொல்லலாமே தவிர, நான் கண்டேன் என்று சொல்ல முடியாது.

என் மனத்தை விடாமல் பிடித்திருக்கும் சிக்கல் வேறு. சாட்சிகள் ஒரே பெயரைச் சொல்வதில்லை. ராமகிருஷ்ணர் காளியைப் பார்த்தார், நம்மாழ்வார் திருமாலைப் பார்த்தார், அப்பர் சிவனைப் பார்த்தார். அப்படி யாரையும் பார்க்காமல் ஆழ்ந்த அமைதி கண்டவர்களும் உண்டு. உதயனர் நூலின் தொடக்கத்திலேயே இதை எதிர்பார்த்து ஒரு பட்டியல் போடுகிறார்: வேதாந்தி ஒரு பெயர் சொல்வான், சாங்கியன் வேறொன்று சொல்வான், பௌத்தன் சர்வக்ஞன் என்பான், கைவினைஞர்கள்கூட விசுவகர்மா என்று வணங்குகிறார்கள், எல்லாரும் வணங்குவது ஒருவனையே. எனக்கு இது அவசரமாகப் படுகிறது. பௌத்தன் இதை ஒப்பியிருக்க மாட்டான். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தைப் படித்தவர்களுக்கு, நம் பெரியவர்கள் இந்தப் பட்டியலில் உள்ளவர்களோடு எவ்வளவு தீவிரமாக வாதாடினார்கள் என்பது தெரியும். அந்த வாதங்களை வீண் சண்டை என்று தள்ள எனக்கு மனம் வராது.

சாந்தினிப் பையனிடம் கிளம்பும்போது ஒன்று கேட்டேன். இரண்டு போன்களில் இரண்டு பெயர் தெரிந்தால் இரண்டு ராவுட்டர் இருக்கிறது என்று அர்த்தமா? அப்படிச் சொல்ல முடியாது என்றான். ஒரே பெட்டி நாலைந்து பெயர்களை ஒலிபரப்பும்; விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைக்கலாம். தனித்தனிப் பெட்டிகளும் இருக்கலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது, மாஷிமா, பெட்டி வரைக்கும் போய்ப் பார்க்கணும் என்றான்.