பல்லும் நாக்கும்

கிரிப்பிரதட்சிணத்தின்போது நண்பர் சொன்னார்: "பகுத்தறிவு ஒன்றே போதும் ஐயா, ஒழுக்கத்துக்கு வேறு அஸ்திவாரம் எதற்கு?"

ரமணாசிரமம் எதிர்ப்பட்டது. 1924-இல் அங்கே புகுந்த திருடர்கள் ரமணரைத் தொடையில் அடித்தார்கள். பதிலுக்கு அடிக்கப் பாய்ந்த சீடரை அவர் தடுத்துவிட்டார். நாக்கைக் கடித்ததற்காகப் பல்லைத் தட்டி எறிவதுண்டா என்று கேட்டாராம்.

"அதுவும் தர்க்கந்தானே!" என்றார் நண்பர்.

தர்க்கந்தான். ஆனால், திருடனையும் தன் வாய்ப் பல்லாக எண்ணியவருக்கல்லவா அது செல்லும்? கோயில் வாசலில் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை நான் அடிக்கத் துரத்தியபோது என்னிடமும் தர்க்கம் இருந்தது, பழுதில்லாத தர்க்கம்!

அறிவு வக்கீல், கட்சிக்காரன் மனம். மனம் கனியாத என் போன்றவர்களின் ஓங்கிய கையைச் சில சமயம் அறிவு பிடித்து நிறுத்தும். அதுவே பெரிய உபகாரந்தான். பல்லை நம்முடையதாக்க மட்டும் அதனால் ஆகாது.