யாருடைய விருந்தாளி?

ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களை வெளிநாட்டுக்குக் கல்விப் பயணம் அழைத்துப் போகிறது. கூடவே ஒரு பேராசிரியரும் போகிறார். அவருக்கு அங்கே என்ன வேலை? பஸ்ஸில் தலையை எண்ணுவது, ஹோட்டல் அறையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் ஒரு பயண ஏற்பாட்டாளரே செய்துவிடுவார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாணவர் தப்பாகப் புரிந்துகொண்டால் அது மதிப்பெண்ணோடு போய்விடும். பேராசிரியர் தப்பாகப் புரிந்துகொண்டால் அது ஆய்வு என்று அச்சாகிவிடும். அதனால்தான் கேட்கிறேன்: பார்க்க வருகிற அறிஞர் யாருக்குக் கடமைப்பட்டவர்? அழைத்தவருக்கா, பார்க்கப்படுகிறவருக்கா?

சுங்கை சோவிலிருந்து கோலசிலாங்கூர் வரை பரவியிருந்த தோட்டங்களில் இந்த இருவரும் ஒரே ஆளாக இருந்ததில்லை. தோட்டம் தனியார் நிலம். கேட்டைத் திறப்பது துரை. பார்க்கப்படுவது லயத்தில் இருக்கும் பால்மரத் தொழிலாளி.

1936 டிசம்பரில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்தார். அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மாணவர்களோடு வரவில்லை, தோட்டத் தொழிலாளர் நிலையை அறிய இந்திய அரசு அனுப்பி வந்தார். ஆனாலும் ஒரு கல்விமான் நம் தோட்டங்களைப் பார்க்க வந்ததற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வலங்கைமான்காரர், தாய்மொழி தமிழ். இங்கே பால் வெட்டிய பலருடைய சொந்த ஊர் அவருடைய பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த ஆற்காடு, தஞ்சாவூர் கிராமங்கள். மொழியும் தடையில்லை, மண்ணும் தடையில்லை.

1937இல் அவர் அறிக்கை வெளிவந்தது. கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். அது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மொத்தத்தில் அறிக்கை நிர்வாகங்களுக்கு ஆறுதலாகவும், மலாயா இந்தியத் தலைவர்கள் பலருக்கு ஏமாற்றமாகவும் இருந்தது.

நான்கே வருடம். 1941இல் கிள்ளானில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. ராணுவம் வந்தது, ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி மட்டும் இல்லை. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது என்று கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: எங்கள் உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போகவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் என் கேள்விக்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். துணைவேந்தர் வர முடிந்த இடத்துக்குத் தொழிலாளியின் மச்சான் வர முடியவில்லை. தன் வீட்டுக்கு விருந்தாளியை அழைக்கும் உரிமை இல்லாதவரைத்தான் அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

விருந்தாளிக்கு ஒரு தர்மம் உண்டு: உபசரித்தவரைக் குறை சொல்லக்கூடாது. சாட்சிக்கு வேறு தர்மம்: கண்டதைச் சொல்லவேண்டும். உபசரிப்பவரும் பார்க்கப்படுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் இடத்தில் இந்த இரண்டு தர்மமும் மோதும். மாணவர் அந்த மோதலை உணராமலேயே திரும்பிவிடலாம். பேராசிரியருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு இது புதுசில்லை. ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாளே தரை பளபளக்கும், மஞ்சள் கோடு புதுசாக மின்னும். காட்டப்படுவது பொய் இல்லை. அன்றைய ஒரு நாளின் உண்மை, அவ்வளவுதான்.

"அனுமதி இல்லாமல் உள்ளேயே போக முடியாதே, பாதியாவது பார்ப்பது நல்லதில்லையா?" என்று கேட்கலாம். நியாயம்தான். அனுமதியை வாங்கட்டும், கொடுக்கும் தேநீரையும் குடிக்கட்டும். ஆனால் கேட்டைத் திறந்தது யார், பக்கத்தில் நின்றது யார், எத்தனை மணி நேரம் என்பதையும் மாணவர்களை எழுதவைக்கட்டும். ஆர். கே. ஜெயின் 1962-63இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்தார். நின்று பார்ப்பதற்கும் தங்கிப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அது. ஆனால் 1970இல் வந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தில் தோட்டத்துக்கு வைத்த பெயர் கற்பனைப் பெயர். ஆட்களைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனாலும் அங்கே வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றிய எழுத்தைத் தாங்களே படிக்க என்ன வழி? அதையும் பேராசிரியர்தான் யோசிக்கவேண்டும்.

இன்று சுங்கை சோவில் கார் தொழிற்சாலை இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வேலை செய்கிறார்கள். தோட்ட வாழ்க்கையைத் தேடி வருகிற குழுவிடம் நாம் நம் தாத்தா பாட்டி கதையைச் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழுவின் பேராசிரியர் நல்லவராக இருந்தால் கதையைக் கேட்டுவிட்டு நம்மிடமே ஒன்று கேட்கவேண்டும்: "இப்போது அங்கே இருக்கிறவரைப் பார்க்க அவருடைய அண்ணன் தம்பி வந்தால், கேட்டைத் திறந்துவிடுகிறார்களா?"